கேளுங்கள், சொல்கிறோம்: காட்டுக்குப் போகும் கத்தி

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் மலைகளுக்குக் கிளம்பும் வாசகர்கள் பலர் இந்த முறை கத்தி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மடக்குக் கத்தியை இன்னொரு இதழுக்கு ஒதுக்கிவிட்டு, உறையில் செருகி வைக்கும் மடங்காத கத்தி பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

நண்பர்கள் நால்வர் குனோங் லேடாங், அடுத்து குனோங் பெலுமுட் ஏறப்போகிறோம். இணையத்தில் தேடினால் ஏழு அங்குல அலகு, ஆறு மில்லிமீட்டர் தடிப்பு என்று மிரட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய கத்தி தேவையா?
– ஈசூன் வாசகர்

தேவையில்லை. அலகு 10 முதல் 11 செ.மீ., முதுகுப்பக்கத் தடிப்பு 2.5 முதல் 3.2 மி.மீ. இருந்தால் உங்கள் பயணத்துக்குத் தாராளம். லேடாங் 1,276 மீட்டர், பெலுமுட் 1,010 மீட்டர். இரண்டிலும் நீங்கள் போவது பலர் நடந்து பழகிய தடம். அங்கே கத்திக்கு என்ன வேலை வரும் என்று எண்ணிப் பாருங்கள். தார்ப்பாய்க் கயிற்றை அறுக்க வேண்டும், முளைக்குச்சியின் முனையைச் சீவ வேண்டும், வெங்காயமும் கருவாடும் நறுக்க வேண்டும், காலணியின் பிய்ந்த வாரை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். எல்லாம் சிறு கத்தியின் வேலை.

தடித்த அலகின் குறை அடுப்படியிலேயே தெரிந்துவிடும். ஆறு மில்லிமீட்டர் கத்தியால் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி இறங்கியதும் ‘டப்’பென்று பிளந்து துண்டு தெறிக்கும். அது ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. அரைக் கிலோ எடையை இடுப்பில் தொங்கவிட்டு ஏழு மணி நேரம் ஏறிய பிறகு அந்த ஆப்பினால் கயிறு அறுப்பது வீண் பாடு.

பெரிய கத்தியை வாங்குகிறவர்கள் புதர் வெட்டும் வேலையை மனத்தில் வைத்து வாங்குகிறார்கள். நம் பக்கத்துக் காட்டில் இருப்பவை துள்ளும் கொடிகளும் பிரம்பும் மூங்கிலும். அவற்றை ஏழு அங்குல அலகால் ஓங்கினால் கொடி வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கும். அந்த வேலைக்கென்றே இந்த வட்டாரத்து மக்கள் பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தியைச் செய்து வைத்திருக்கிறார்கள். நீளமும், முனைப்பக்கம் கூடிய எடையும், வீசும்போது வரும் வேகமும் சேர்ந்துதான் கொடியை அறுக்கின்றன. வெட்ட வேண்டிய இடம் வந்தால் உங்கள் வழிகாட்டியின் பாராங் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு மிச்சமிருப்பது நுண்ணிய வேலை.

முதல் கத்தி வாங்குகிறவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது, சுவீடனின் மோரா நகரில் செய்யப்படும் கம்பேனியன் ரகத்தில் ஸ்டெயின்லெஸ் அலகு கொண்டது. அலகு ஏறக்குறைய 10 செ.மீ., தடிப்பு 2.5 மி.மீ., எடை 100 கிராமுக்குள். விலை குறைவு என்பதால் கீறல் விழுமே என்று பயந்து பயந்து புழங்க வேண்டியதில்லை, அது பெரிய நன்மை. அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓட வேண்டும் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது. 10.9 செ.மீ. அலகு, 3.2 மி.மீ. தடிப்பு, விலை பல மடங்கு.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது அலகைவிடக் கைப்பிடிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். உள்ளங்கை அகலத்தைவிட ஒரு செ.மீ. கூடுதல் நீளம் வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு 11 செ.மீ.க்குக் குறையாமல். இறுகப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். எந்த இடம் உறுத்துகிறதோ அங்கேதான் அரை மணி நேரம் சீவிய பிறகு கொப்புளம் வரும். சுட்டுவிரல் முன்னால் வழுக்கி அலகின் மேல் ஏறாதபடி ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வியர்வையில் வழவழப்பான மரக் கைப்பிடி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

பிறகு உறை. கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், விழக்கூடாது. உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். நைலான் துணி உறையைத் தவிர்த்துவிடுங்கள். அவசரத்தில் செருகும்போது கத்தி முனை துணியைத் துளைத்துத் தொடைக்குப் போய்விடும்.

கார்பன் ஸ்டீல்தான் நல்லது, நாலு இழுப்பில் கூர் வந்துவிடும் என்கிறார் நண்பர். கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் எடுக்கச் சொல்கிறார். யார் பக்கம் நியாயம்?
– புக்கிட் பாத்தோக் வாசகர்

நண்பர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் சிங்கப்பூரில் இருப்பவருக்குக் கடைக்காரர் சொல்வதே சரி.

1095 என்று பெயர் போட்டு வரும் கார்பன் ஸ்டீலில் கார்பன் ஏறக்குறைய 0.95 விழுக்காடு. குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். எஃகின் மேல் துருவைத் தடுக்கும் மெல்லிய படலம் உருவாகக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் தேவை. அது இல்லாத இரும்பு நம் ஈரக்காற்றில் என்ன ஆகும் என்பது அரிவாள்மனை புழங்கிய வீடுகளுக்குத் தெரியும். கழுவியதும் துடைத்து நிறுத்தினால் பத்து ஆண்டு வரும். ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் பூசியதுபோல் இருக்கும். காட்டில் மூன்று நாள் எதுவுமே காய்வதில்லை. உறைக்குள் போன கத்தியும் காயாது.

துரு அழகைக் கெடுப்பதோடு நின்றால் பரவாயில்லை. கூர்வாய்தான் அலகிலேயே மெல்லிய இடம் என்பதால் துரு அங்கேதான் முதலில் இழப்பை உண்டாக்கும். தீட்டி வைத்துவிட்டு ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத கத்தி இரண்டு மாதத்தில் மழுங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். பாசிர் ரிஸ், புலாவ் உபின் போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

‘ஸ்டெயின்லெஸ் கூர் நிற்காது’ என்பது மலிவு ரகங்களைப் பார்த்து எழுந்த பேச்சு. 12சி27 எஃகில் கார்பன் 0.6, குரோமியம் 13.5 விழுக்காடு. 14சி28என் எஃகில் குரோமியம் 14 விழுக்காடு, துருவைத் தடுக்கக் கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் நன்றாகக் கூர் ஏறும், வீட்டுச் சாணைக்கல்லுக்கே அடங்கும். மாறாக டி2 எஃகில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் துருப்பிடிக்கும். அதில் கார்பன் மிகுதி, குரோமியத்தின் ஒரு பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வெறும் ‘440’ என்று பொறித்து ஏ, பி, சி எதுவும் போடாவிட்டால் அது உயர்ந்த 440சி ஆக இருக்கும் என்று நம்பாதீர்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது விளம்பரச் சொல், எஃகின் பெயரே அல்ல.

ஏற்கெனவே கார்பன் கத்தி வைத்திருப்பவர்கள் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் அதைப் பழக்கிக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, வெதுவெதுப்பான வினிகரில் அலகை மட்டும் 20 நிமிடம் நிறுத்துங்கள். சாம்பல் நிறம் ஏறியதும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அந்தச் சாம்பல் படலம் செந்துருவின் வேகத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. பூசுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும், உணவுக்குப் பயன்படுத்தத்தக்க மினரல் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் சில வாரத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் இரண்டு நாள் பயணத்துக்குச் சரி, மாதக்கணக்கில் விட்டால் சிக்கு நாற்றம் வரும். வீட்டில் வைக்கும்போது தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்ட வைத்திருக்கும், பதனிட்ட மருந்தின் மிச்சமும் இரும்பை அரிக்கும். காகிதத்தில் சுற்றி, தோல் உறையைப் பக்கத்தில் தனியே வையுங்கள்.

கத்தியைப் பையில் வைத்து எம்ஆர்டி ரயிலில் போகலாமா? உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கேட்டால் என்ன சொல்வது?
– செங்காங் வாசகர்

தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது இங்கே கடுமையான குற்றம், சிறையோடு பிரம்படியும் உண்டு. ‘எப்போதும் பையில் கிடக்கும்’ என்பது காரணம் ஆகாது. முகாம் போகிற நாளில், முகாம் சாமான்களோடு, உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு புளோக்கை விட்டு இறங்கவே கூடாது. திரும்பி வந்த அன்றே பையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் மறந்து கிடக்கும் கத்தியே பலரையும் சங்கடத்தில் மாட்டிவிடுகிறது.

மலேசியாவிலும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழிகாட்டியின் பெயர், பூங்கா அனுமதி, தங்குமிடப் பதிவு ஆகியவற்றைக் கைப்பேசியில் தயாராக வைத்திருங்கள். அதிகாரி கேட்டால் கத்தி இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள், பையைத் திறந்து நீங்களே கையை விட்டு எடுத்துக் காட்டாதீர்கள். வழிகாட்டியிடமே எல்லாக் கருவியும் உண்டு என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் ஆலோசனை. விமானத்தில் போனால் கைப்பையில் கூடவே கூடாது, சரக்குப் பெட்டியில் மட்டும்.

இன்னொன்று. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் செடி, மரம் எதையும் வெட்டக்கூடாது. தரையில் தீ மூட்டவும் கூடாது, பார்பிக்யூ அடுப்பில் மட்டும்தான். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் முகாம்களில் சமையலுக்கும் கயிற்றுக்கும் ஒரு சிறு சமையல் கத்தியே போதும்.

விறகைப் பிளக்க, அலகின் முதுகில் கட்டையால் தட்டியபோது கைப்பிடி ஓரத்தில் கத்தி முறிந்துவிட்டது. ‘ஃபுல் டாங்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். படம் இணைத்துள்ளேன். தவறு என்னுடையதா, கத்தியுடையதா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பெரும்பங்கு கத்தியுடையது. டாங் என்பது அலகின் இரும்பு கைப்பிடிக்குள் தொடரும் பகுதி, காம்பு என்று சொல்லலாம். ஃபுல் டாங் என்றால் அந்தக் காம்பு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். படத்தில் உங்கள் கத்தியின் காம்பு அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அலகு குறுகிக் காம்பாக மாறும் இடத்தில் இரண்டு பக்கமும் சதுரமாக, ரம்பத்தால் வெட்டியதுபோல் மூலை இருக்கிறது. அடியின் விசை முழுவதும் அந்தக் கூரிய மூலையில் குவியும். அதே இடத்தை வளைவாக இழைத்திருந்தால் விசை பரவியிருக்கும், மெல்லிய காம்புகூடத் தாங்கியிருக்கும்.

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படத்தில் மேல் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கறுத்த திட்டு தெரிகிறது, மற்ற இடமெல்லாம் வெளிர்சாம்பல். கறுத்த பகுதி முன்பே விட்ட வெடிப்பு, காற்றும் ஈரமும் உள்ளே போய் நிறம் மாறியிருக்கிறது. வெளிர்நிறப் பகுதி அன்றைக்கு முறிந்தது. ஆக, கடைசி அடிக்கு முன்பே கத்தி பாதி போய்விட்டது. வெளிர்நிறப் பகுதியில் எஃகின் மணி எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். சாம்பலைப்போல் நுண்மையாக இருந்தால் பதம் சரி. சர்க்கரை மாதிரி மினுமினுக்கும் பருமணியாக இருந்தால் காய்ச்சும்போது சூடு மிஞ்சிவிட்டது, அப்படிப்பட்ட எஃகு எங்கே வேண்டுமானாலும் ஒடியும். அடுத்த கத்தி வாங்கும்போது கைப்பிடியின் மேலும் கீழும் இரும்பு விளிம்பு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் மூடிய கைப்பிடியானால் நுனியில் இரும்பு எட்டிப்பார்க்க வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் ஃபுல் டாங் என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். 10 செ.மீ. அலகால் 6 செ.மீ. குறுக்களவுக்கு மேற்பட்ட விறகைப் பிளக்கக்கூடாது. தட்டுவதற்கு முனைப்பக்கம் 3 செ.மீ.யாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும். கணு உள்ள கட்டையைத் தள்ளிவைத்துவிடுங்கள். அலகைக் கட்டையின் நட்டநடுவில் வைக்காமல் ஓரமாக வைத்து, பட்டை பட்டையாகப் பிளந்து வாருங்கள். கைப்பிடியைத் தரைக்கு இணையாகப் பிடித்து, வெளியே நீட்டிய முனைப்பக்கத்தின் மேல் கைத்தடி அளவு மரத்தால் தட்டுங்கள். கல்லாலோ சுத்தியலாலோ தட்டினால் அலகு பொறுக்காது. கத்தி சிக்கிக்கொண்டால் இடமும் வலமும் திருகாதீர்கள், முறிவு பெரும்பாலும் அந்தத் திருகலில்தான். இன்னொரு மரச்சில்லைப் பிளவில் செருகி விரித்து எடுத்துவிடுங்கள்.

மழைக்காட்டில் பிளப்பதற்கு ஒரே நியாயமான காரணம்தான் உண்டு: வெளியே நனைந்த விறகின் உள்ளே காய்ந்த வைரம் இருக்கும். அதற்கு மணிக்கட்டுத் தடிப்புக் கட்டை இரண்டு போதும்.

முதுகில் ரம்பப்பல், கைப்பிடிக்குள் தூண்டிலும் திசைகாட்டியும் உள்ள கத்தி எப்படி?
– பொங்கோல் வாசகர்

வாங்காதீர்கள். கைப்பிடி பொள்ளல் என்றால் காம்புக்கு அங்கே இடமில்லை, ஒரு திருகாணிதான் அலகைப் பிடித்திருக்கும். முதுகுப் பற்கள் தூளை வெளியேற்றாது, விரலளவுக் குச்சியிலேயே சிக்கும். அந்த முதுகு வேறு வேலைக்கு வேண்டும். 90 பாகையில் கூர்மையான ஓரம் இருந்தால் ஃபெரோ ராட் எனப்படும் தீக்கோலை உரசிப் பொறி எடுக்கலாம். சோதிக்க எளிய வழி, கட்டைவிரல் நகத்தின் மேல் முதுகோரத்தை மெல்ல இழையுங்கள். வெள்ளைத் தூள் வந்தால் போதுமான கூர். பொறி எடுக்கும்போது கத்தியை அசைக்காமல் பஞ்சுக்கு மேல் நிறுத்தி, கோலைப் பின்னோக்கி இழுங்கள். கத்தியைத் தள்ளினால் சேர்த்து வைத்த பஞ்சு சிதறிப்போகும்.

யூடியூப் பார்த்துத் தீட்டினேன், முன்பைவிட மழுங்கிவிட்டது. என்ன பிழை?
– தோ பாயோ வாசகி

இரண்டில் ஒன்றாக இருக்கும், அம்மா. சாய்வு ஒவ்வோர் இழுப்புக்கும் மாறியிருக்கும், அல்லது பிசிறு (ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் எழும் மெல்லிய இரும்பு விளிம்பு) எழும்முன் பக்கம் மாற்றியிருப்பீர்கள்.

முதலில் உங்கள் கத்தியின் வாய் எப்படி இழைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மோரா போன்றவற்றில் அலகின் கீழ்ப்பகுதியில் ஒரே ஓர் அகலமான சரிவு, நேரே கூர்வரை இறங்கும். இதை ஸ்காண்டி என்பார்கள். இதற்குச் சாய்வு கணக்கிடவே வேண்டாம், அந்தச் சரிவு முழுதும் கல்லில் ஒட்டும்படி படியவைத்துத் தேய்த்தால் சாய்வு தானே சரியாக நிற்கும். கத்தியைத் தூக்கித் தேய்த்ததுதான் நீங்கள் செய்த பிழை என்றால், கூரின் நுனி உருண்டிருக்கும்.

முதுகிலிருந்தே சரிந்து வந்து, நுனியில் மட்டும் மயிரிழை போல இன்னொரு சிறு சரிவு இருந்தால் பக்கத்துக்கு 20 பாகை வேண்டும். இதற்கு ஒரு வெள்ளிக் காசு கைகொடுக்கும். அதன் தடிப்பு ஏறக்குறைய 2.5 மி.மீ. அலகின் அகலம் 22 மி.மீ. என்றால் மூன்று காசை அடுக்கிக் கல்லின் மேல் வைத்து, அதில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள், 20 பாகை கிடைக்கும். மணிக்கட்டு அந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொண்டதும் காசை எடுத்துவிடுங்கள். அகலம் 30 மி.மீ.யை நெருங்கினால் நான்கு காசு.

கல்லில் சொரசொரப்பான 400, நுண்ணிய 1000 என்று இரண்டு முகம் இருக்கும். கூர்வாயில் சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் 400, இல்லையேல் நேராக 1000. ஊறவேண்டிய கல்லானால் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் போடுங்கள். கூர்வாயில் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு தடவை இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் தொடவில்லை. ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போய், மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, குறுக்காக மெல்லத் தடவி எடுங்கள். சன்னமான கம்பி ஒன்று தடுக்குவதுபோல் இருக்கும், அதுதான் பிசிறு. அடி முதல் முனைவரை அது வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் வந்ததும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி ஐந்தைந்து, மூன்று மூன்று, ஒன்று ஒன்று என இழுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், கூர் பின்னால் வரும்படி பத்து இழுப்பு. பிசிறு போகாமல் விட்டால் முதல் நாள் சவரக்கத்தி போல இருக்கும், இரண்டு வெங்காயம் நறுக்கியதும் மடங்கி மழுங்கிவிடும்.

கைப்பிடி ரப்பர் திடீரென்று ஒட்டுகிறது. கழுவியும் போகவில்லை.
– தெம்பனிஸ் வாசகர்

கொசு மருந்தால் வந்திருக்கும். டீட் கலந்த மருந்து சிலவகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். இளகியது திரும்பாது. இனிமேல் மருந்தைப் புறங்கையால் பூசிக்கொண்டு, உள்ளங்கையைக் கழுவிய பிறகு கத்தியைத் தொடுங்கள். காட்டுக்கு அடிக்கடி போகிறவர்கள் மைக்கார்ட்டா (பிசினில் இறுக்கிய துணி அடுக்கு) அல்லது ஜி10 (பிசினில் இறுக்கிய கண்ணாடியிழை அடுக்கு) கைப்பிடிக்கு மாறலாம்.

மகனுக்கு 14 வயது. சாரணர் முகாமுக்காகக் கத்தி கேட்கிறான். கொடுக்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

முகாமுக்கு எடுத்துப்போவதைப் பொறுப்பாசிரியர் அனுமதித்தால் மட்டும். அவர் சொல்லாமல் பள்ளிப் பையில் கத்தி போகவே கூடாது, அம்மா. வீட்டில் பழக்குவதற்கு எங்கள் முழு ஆதரவு உண்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்தால்.

மழுங்கிய கத்தியைக் கொடுக்காதீர்கள். மழுங்கியது வழுக்கும், பிள்ளை கூடுதலாக அழுத்துவான், தப்பினால் கை ஆழமாகப் பிளக்கும். முனை மொட்டையான சிறு கத்தி கிடைத்தால் அதில் தொடங்குங்கள். உட்கார்ந்து கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள் யாராவது வந்தால் கத்தி உறைக்குப் போக வேண்டும். முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, முழங்காலுக்கு வெளியே சீவ வேண்டும். தொடைகளுக்கு நடுவே சீவக்கூடாது, தொடையின் உட்புறம் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. உறையிலிருந்து எடுக்கும்போது உறையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காமல், கூர் இருக்கும் பக்கத்தில் விரல் படாதபடி முதுகுப்பக்கத்தைப் பற்றச் சொல்லுங்கள். தேய்ந்த உறையைக் கூர் அறுத்துக்கொண்டு வந்தால் விரல் அங்கே இருக்கக்கூடாது.

முதல் பாடம், பெருவிரல் தடிப்பில் ஒரு சாண் காய்ந்த குச்சியை இழை இழையாகச் சுருள வைப்பது. குச்சியின் அடியைப் பலகையில் ஊன்றி, கத்திக் கையின் முழங்கையை மடக்காமல், தோளையும் உடலையும் சாய்த்துக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். சுருள் அறுந்து விழுந்தால் அலகு மரத்துக்குள் அதிகம் இறங்குகிறது. தூளாக வந்தால் கத்தி தீட்டப்பட வேண்டும்.

அருகில் சுத்தமான துணி வைத்திருங்கள். வெட்டுப்பட்டால் துணியை மேலே வைத்து அழுத்தி, கையை மார்புக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் எடுத்தெடுத்துப் பார்க்காதீர்கள். பிறகும் நிற்காவிட்டாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்துப்போயிருந்தாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.